இலை போட்டுப் பார்த்தேன்

ஆனி 20, திங்கள்

பேத்தி ரஞ்சிக்குப் பிறக்கப் போகும் பிள்ளை வளர்ந்து படிக்கட்டும் என்று இந்த டைரியில் விவரமாக எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எங்கள் வாத்தியார் என் சிலேட்டை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். எழுத்து அப்படி.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாராகிறது. போர்டில் 'குருவம்மாள் சர்ஜிகல்ஸ்' என்று இருக்கிறதே, அந்தக் குருவம்மாள் நான்தான். லைசென்ஸ், இடம், கட்டடம் எல்லாம் என் பேரில். மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் லாரி மோதிப் போனதிலிருந்து ஆபீஸ் வேலையை மருமகள் செண்பகம் பார்க்கிறாள். பார்க்கிறாள், அவ்வளவுதான். முடிவு என்னுடையது.

துணியை நெய்து, வெளுத்து, வெட்டி, மடித்துக் காகித உறையில் போடுவது வரை நம் வேலை. கடைசியாக அதை ஆவியில் அவித்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். அதற்குப் பெரிய மிஷின் வேண்டும். அது நம்மிடம் இல்லை, வெளியில்தான் கொடுப்போம். இத்தனை வருஷம் அவித்துக் கொடுத்தவர் இன்று மிஷினை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அவிக்காத துணியை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. ஆடி பிறப்பதற்குள் புது ஆளைப் பிடித்தாக வேண்டும். ஆடியில் புதிதாக எவரையும் நான் சேர்ப்பதில்லை.

செண்பகம் மூன்று பேரை விசாரித்து வைத்திருக்கிறாள். "ஷெட்டைப் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம் அத்தை" என்றாள்.

"ஷெட்டைப் பாத்தா ஷெட்டு தெரியும். ஆளு தெரியுமா? வரச் சொல்லு. இலை போடுவோம்" என்றேன்.

இந்த வீட்டுக்கு லாரிக்காரர், கரண்டு வேலைக்காரர், கணக்குப் பார்ப்பவர் என்று வெளியாள் யார் வந்தாலும் முதலில் என் எதிரில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும். யாரையும் வாயால் விசாரிப்பது மரியாதையில்லை. இந்தக் காலத்தில் விசாரிக்கவும் முடியாது. இலை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.


ஆனி 22, புதன்

முதல் ஆள் மதுரையிலிருந்து வந்தார். இலையைப் பார்த்ததும் "நான் டயட்ல இருக்கேன் மேடம்" என்றார். ஸ்பூன் கேட்டார். சோற்றை ஒதுக்கி அவியலை மட்டும் தின்றுகொண்டே போனில் பேசினார். பாதியில் எழுந்தார்.

போன பிறகு வெள்ளைத்தாய் "அவிக்க வந்தவரு அவியலை மட்டும் தின்னுட்டுப் போறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டு வேலை பார்ப்பவளுக்கு வாய் அதிகம். ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்தது.

ரஞ்சிக்குக் கால் வீங்கியிருக்கிறது. ஆடியில்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள். இடுப்புக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். பேத்தி என்றால் இவள் பேத்தி. "ஆச்சி கை பட்டாத்தான் எனக்கு எறங்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.


ஆனி 24, வெள்ளி

இரண்டாவது ஆள் ஜெயபாலன். முப்பத்தைந்து வயது இருக்கும். பைபாஸ் பக்கம் ஷெட் போட்டிருக்கிறான். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே ஓரமாக விட்டான். அதையும் கவனித்தேன்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு உறைகளை என் கையில் கொடுத்தான். ஒவ்வொரு உறையிலும் ஒரு பொட்டு அச்சடித்திருந்தது. ஒன்றில் ரோஸ் நிறம், இன்னொன்றில் காப்பி நிறம்.

"அம்மா, ரோஸ் பொட்டு இருந்தா இன்னும் அவியலைன்னு அர்த்தம். ஆவி நல்லா உள்ள போய் அவிஞ்சாத்தான் காப்பிக் கலரு வரும். நான் அனுப்புற பெட்டியில ஒரே ஒரு ரோஸ் பொட்டைப் பாத்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிருங்க. யாரு அனுப்பினாலும் அப்படியே செய்ங்க."

"அப்படியா தம்பி" என்றேன். "எந்த ஊரு உனக்கு?"

"இதே ஊருதாம்மா."

"அப்பா?"

"இல்லைங்க. அம்மா மட்டும்தான்."

"எந்தத் தெரு?"

"இப்ப பைபாஸ்ல இருக்கோம்மா."

இப்ப என்கிறான். முன்பு எங்கே என்று சொல்லவில்லை. சரி, இலை இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கூட்டு, அப்பளம், பருப்புப் பாயசம். சிந்தாமல் சாப்பிட்டான். எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ரசத்தை விரல் வழிய விடாமல் குடித்தான். செண்பகம் ஓரமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாள்.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தவன், எழுந்திருக்கும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தான்.

வெள்ளைத்தாய் ஓடி வந்து "குடுங்க தம்பி" என்றாள். அவன் "இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினான். அங்கே அவளிடம் ஏதோ சொன்னான். என் காதில் விழவில்லை.

எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. நம் வீடுகளில் விருந்தாளி எச்சில் இலையைத் தொடுவது கிடையாது. தன் இலையைத் தானே எடுத்துப் பழகினவன் எந்த வீட்டு வாசலில் எப்படி உட்கார்ந்து வளர்ந்தவன் என்று எனக்குத் தெரியாதா. சிரித்த முகமாக அனுப்பினேன்.

அவன் பைக் தெருவைத் தாண்டியதும் அவன் உட்கார்ந்த இடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னேன். டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னேன். வெள்ளைத்தாய் துடைத்தாள். துடைக்கும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கமாக ஏதாவது சொல்லுவாள்.


ஆனி 25, சனி

காலையிலேயே செண்பகத்தோடு வாக்குவாதம்.

"ஜெயபாலனுக்கு என்ன குறை அத்தை? ரெண்டு ஆஸ்பத்திரியில அவரைப் பத்தி விசாரிச்சுட்டேன். நல்லாத்தான் சொல்றாங்க."

"நம்பிக்கை வரலை."

"எதுல வரலை?"

"எனக்கு வரலை."

"ஒரு காரணம் சொல்லுங்க."

"போர்டுல யாரு பேரு இருக்கு?"

செண்பகம் கணக்கு நோட்டை மூடினாள். டிகிரி படித்தவள்தான். என்ன பிரயோஜனம். ஒரு மனுஷன் இலையை எடுத்துக்கொண்டு எழுந்ததைக் கண் முன்னால் பார்த்தாள், அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாளோ என்னவோ.


ஆனி 29, புதன்

மூன்றாவது ஆளாகச் செண்பகம் சொல்லியிருந்தவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே ஒரு ஆளைத் தேடிவிட்டேன். பரமசிவம். என் தங்கை சம்பந்தி வழியில் சொந்தம். உள்ளே வரும்போதே "பெரியம்மா" என்று கூப்பிட்டுக் காலைத் தொட்டான்.

"கடையநல்லூர்ல உங்க கல்யாணத்துக்கு எங்க தாத்தாதான் பந்தல் போட்டாராம். அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா."

பந்தலுக்காரர் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

இலையில் உட்கார்ந்தான். தண்ணீர் தெளித்துத் துடைத்தான். நெய் கேட்டான். ரசம் இரண்டு தடவை வாங்கினான். "இந்த ரசத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம் பெரியம்மா" என்றான். ஏப்பம் விட்டான். மேல் பாதியைத் தன் பக்கமாக மடித்தான். கையை உதறிவிட்டு எழுந்து போனான். இலை கிடந்தது கிடந்தபடி. வெள்ளைத்தாய் குனிந்து எடுத்தாள். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது.

பொட்டைப் பற்றிச் செண்பகம் கேட்டாள்.

"அதெல்லாம் மிஷின் தானா மாத்திரும்மா" என்றான்.

"ஷெட்டுக்கு நாளைக்கு வரலாமா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: "நம்ம வீட்டு இலையில கை நனைச்சவன்கிட்ட போய் உன் மிஷினைத் திறந்து காட்டுன்னு நிக்கிறதா? வேற வேலை இல்லையா உனக்கு?"

செண்பகம் உள்ளே போய்விட்டாள்.


ஆனி 31, வெள்ளி

பரமசிவத்துக்குப் பூவும் வெற்றிலையும் கொடுத்துப் பேசி முடித்தாயிற்று. ஆடிக்கு முன்பே.

பதினோரு மணிக்கு ஜெயபாலன் வந்தான். கேட்டுக்கு வெளியே வெயிலில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றான். செண்பகம் பாங்குக்குப் போயிருந்தாள். உள்ளே கூப்பிட வேண்டாம் என்று வெள்ளைத்தாயிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று கீரை ஆய்ந்து முடித்தேன். அப்புறம் கேட்டருகே போனேன்.

"வேறொருத்தருக்குக் குடுத்துட்டோம் தம்பி."

"பரவாயில்லைம்மா. என்கிட்ட என்ன குறைன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவைக்குத் திருத்திக்கிடுவேன்."

"அது திருத்துற விஷயம் இல்லை தம்பி" என்றேன்.

அவன் முகம் ஒரு நிமிஷம் மாறியது. புரிந்துகொண்டான். புரியட்டும் என்றுதானே சொன்னேன். "சரிங்கம்மா" என்றான். பைக்கை உடனே ஸ்டார்ட் பண்ணாமல் தெரு முனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

கீரைக்குப் பூண்டு தட்டிப் போட்டேன். ரஞ்சிக்குப் பிடிக்கும்.


ஆடி 9, திங்கள்

பரமசிவத்திடமிருந்து முதல் லோடு வந்தது. செண்பகம் ரஞ்சியை செக்கப்புக்குக் கூட்டிப்போயிருந்தாள். பெட்டிகளை நான்தான் இறக்கி வைக்கச் சொன்னேன்.

ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேல் வரிசையில் காப்பி நிறம். கையை விட்டு அடியில் இருப்பதை எடுத்தேன். ரோஸ். நடுவில் எடுத்தேன். அதுவும் ரோஸ்.

வெள்ளைத்தாய் பக்கத்தில் வந்து "என்ன ஆச்சி, ரெண்டு கலரா இருக்கு" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

பரமசிவத்துக்குப் போன் போட்டேன். "நெருக்கி அடுக்கினா நடுவுல கொஞ்சம் அப்படித்தான் தெரியும் பெரியம்மா. மை வித்தியாசம். நீங்க சொன்னீங்கன்னா எடுத்துட்டுப் போய் மறுபடி போட்டுத் தாரேன். ஆனா உங்க மருமக என்ன ஏதுன்னு கேப்பாங்க."

கேட்பாள். கேட்டுவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இருக்கட்டும், விடு என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் காலத்தில் யார் பொட்டைப் பார்த்துக் காயம் கட்டினார்கள். வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசிக் கட்டினோம். ஆறவில்லையா. எல்லாம் கம்பெனிக்காரர்கள் செய்யும் விளம்பரம்.

மேல் வரிசையை ஒழுங்காக அடுக்கி டேப்பை மறுபடி ஒட்டினேன். ஓரம்கூடத் தெரியாமல் ஒட்டினேன். என் கை நேர்த்தி அப்படி.


ஆடி 11, புதன்

பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இருவரும் நலம். முதலில் கையில் வாங்கியது நான். என் நெற்றி, என் மூக்கு.


ஆடி 12, வியாழன்

பாலும் சர்க்கரையும் தெரு முழுக்கக் கொடுத்தேன். பரமசிவம் போனில் வாழ்த்தினான். அவனிடமிருந்து இரண்டாவது லோடும் வந்தது. அந்தப் பெட்டியை நான் திறக்கவில்லை.


ஆடி 16, திங்கள்

ரஞ்சியையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆரத்தி எடுத்தேன். மாப்பிள்ளை சாத்தூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். பிள்ளையின் கையை விரித்தால் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொள்கிறது. விட மாட்டேன் என்கிறது.


ஆடி 18, புதன்

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை கிண்டினேன்.

ரஞ்சியின் காயத்துக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் வந்தார். தன் பையிலிருந்து வேறு கம்பெனிப் பேண்டேஜை எடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊருக்கே துணி கொடுக்கிற வீடு. நம் வீட்டுப் பிள்ளையின் வயிற்றில் இன்னொருத்தன் துணியா.

"அதை உள்ள வைங்க. எங்க துணி இருக்கு" என்று ஷெட்டுக்குப் போனேன். முதல் லோடு பெட்டிதான் கைக்கு எட்டியது. மேல் வரிசை ஆஸ்பத்திரிக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. அதற்கடுத்த வரிசையிலிருந்து எடுத்தேன். உறையை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் துணியைச் சுத்தமான தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோனேன்.

சிஸ்டர் "உறை எங்க ஆச்சி? பொட்டு மாறியிருக்கான்னு பாக்கணுமே" என்றார்.

செண்பகம் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பாத்துட்டேன்" என்றேன்.

"கலரு மாறியிருந்துச்சா?"

"ஏம்மா, கம்பெனியே என் பேர்லதான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

சிஸ்டர் சிரித்தார். ரஞ்சியும் "எங்க ஆச்சிகிட்டயே கேள்வி கேக்குறீங்களா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுளித்தாள். சிஸ்டர் நம் துணியையே வைத்துக் கட்டினார். நாளை அவர் வரமாட்டார் என்பதால் நாங்களே மாற்றுவதற்கும் நாலு துணியைத் தாம்பாளத்திலேயே மூடி வைத்தேன்.

புளியோதரை நன்றாக வந்திருந்தது.


ஆடி 20, வெள்ளி

ரஞ்சிக்கு லேசாகக் காய்ச்சல். பால் கட்டியிருக்கும். மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்தேன்.


ஆடி 21, சனி

காய்ச்சல் இறங்கவில்லை. கட்டைப் பிரித்தால் நாற்றம் வருகிறது. தையல் பக்கத்தில் சிவந்து கல் மாதிரி இருக்கிறது. செண்பகம் கார் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கொடுக்கவில்லை. தூக்கிக்கொண்டே போனாள்.


ஆடி 22, ஞாயிறு

தையலைப் பிரித்து உள்ளே கழுவுகிறார்கள். ரஞ்சியின் கத்தல் வெளியே கேட்டது. நான் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பிள்ளையார் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

யார் கண் பட்டதோ. வெயிலில் நின்றுவிட்டுப் போனானே அவனாக இருக்கும். மிளகாய் சுற்றிப் போடச் சொன்னேன். வெள்ளைத்தாய் மாட்டேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.


ஆடி 23, திங்கள்

டாக்டர் துணியைக் கேட்டாராம். செண்பகம் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினாள். தரை முழுக்க ரோஸ் பொட்டு. ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினதையெல்லாம் திருப்பி வாங்கச் சொல்லிப் போனில் கெஞ்சினாள். அப்புறம் தானே வண்டியை எடுத்துக்கொண்டு பரமசிவம் ஷெட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சேலையெல்லாம் புழுதி.

"மிஷின் கதவு ரப்பர் கிழிஞ்சு தொங்குது அத்தை. ஆவி எல்லாம் வெளியிலதான் போகுது. ஷெட்டுல பாதிக்கு மேல மாட்டுத் தீவன மூட்டை. ரெண்டு ஆடு கட்டிக் கிடக்கு."

நான் முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? பொட்டு மாறலைன்னு பெரியம்மாவுக்கு அன்னைக்கே தெரியும், நான் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொன்னேன், அவங்கதான் விடுன்னு சொன்னாங்கன்னான்."

"பரமசிவம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்."

"அப்ப யாரு அத்தை டேப்பை மறுபடி ஒட்டினது?"

வெள்ளைத்தாய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் செண்பகத்தைப் பார்த்தாள். சோறு போட்டு வளர்த்த வீடு என்ற எண்ணம் இருக்கிறதா.

"எச்சி இலையை எடுத்தான்னு ஒரு மனுசனைத் தள்ளுனீங்க. எச்சி இலையைப் போட்டுட்டுப் போனான்னு ஒருத்தனைச் சேத்தீங்க. இப்ப என் மக வயித்தைத் திறந்து போட்டுருக்காங்க."

இவ்வளவு பேசுகிறவள் அழக்கூட இல்லை. கல் நெஞ்சு. கோபத்தில் இருப்பவளிடம் என்ன பேசுவது.


ஆடி 25, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரஞ்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். களி கொண்டுபோயிருந்தேன். தூக்கைத் திறந்தேன்.

"நீ பாத்துட்டேன்னு சொன்னியே ஆச்சி" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

களியை நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.


ஆடி 29, ஞாயிறு

மறுபடி தைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாள். பால் நின்றுவிட்டது. பிள்ளைக்குப் புட்டிப் பால்.


ஆவணி 2, வியாழன்

செண்பகம் வக்கீலைக் கூட்டி வந்தாள். லைசென்ஸை அவள் பேருக்கு மாற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் நடந்ததை நடந்தபடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிடுவாளாம். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்து வக்கீல் "நல்லா இருக்கும்மா" என்றார்.

சாயங்காலம் ஜெயபாலன் வந்தான். இவளே போய்க் கூப்பிட்டிருக்கிறாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வாங்க ஜெயபாலன். ஒரு வாய் காப்பியாவது குடிங்க."

"இங்கேயே பேசிக்கலாம்க்கா. பொண்ணு எப்படி இருக்கு?"

"தேறிட்டா. நீங்க வேலையை எடுத்துக்கிடணும். நடந்ததுக்கு நான்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பெட்டியை அனுப்புங்க, அவிச்சுத் தாரேன். அது புண்ணுல படுற துணி, அதுல எனக்குக் கோவம் கிடையாது. ஆனா சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தான்.

அவன் போன பிறகு வெள்ளைத்தாய் செண்பகத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"அவங்க அம்மா கல்யாண மண்டபத்துல இலை எடுக்குற வேலை பாத்தவங்களாம். முதுகு வளைஞ்சு போச்சாம். அதனால எந்தப் பொம்பளையும் என் இலையைக் குனிஞ்சு எடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன்க்கான்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னாரு. நான்தான் வெளிய சொல்லலை. சொல்லியிருந்தா இடத்தை ரெண்டு தடவை துடைக்கச் சொல்லியிருப்பாங்க."

நான் நினைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. இலை எடுக்கிற வீட்டுப் பிள்ளை.


ஆவணி 8, புதன்

ரஞ்சி வந்துவிட்டாள். குனிய முடியவில்லை. ஆரத்தித் தட்டைச் செண்பகம் எடுத்தாள்.

பிள்ளையைக் கேட்டேன். "தூங்குது" என்றார்கள். கண் திறந்துதான் இருந்தது.


ஆவணி 12, ஞாயிறு

தொட்டில் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு என் பெயரின் முதல் எழுத்தில் வைப்பதாகப் பேச்சு இருந்தது. வேறு பெயர் வைத்தார்கள். பிள்ளை என்ன செய்யும்.

பந்தி நடுவில் எனக்கு இலை போட்டார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறையில்லை. அவியல், பச்சடி, வடை, பாயசம். சாப்பிட்டேன். மேல் பாதியை என் பக்கமாக மடித்தேன். எல்லாரும் எழுந்தார்கள். வெள்ளைத்தாய் கூடையோடு வந்து வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தாள். என் இலைக்குக் குனிந்தாள்.

"அதை விட்டுரு" என்றாள் செண்பகம். "அத்தை இலையை அத்தையே எடுப்பாங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் எல்லாருக்கும் கேட்டது. வெள்ளைத்தாய் நிமிர்ந்து அடுத்த இலைக்குப் போனாள். சம்பந்தியம்மாள் கை கழுவப் போகிறவள்போல நகர்ந்தாள்.

ரஞ்சி பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சொன்னால் செண்பகம் கேட்பாள். இவள் என் கைக் களியில் வளர்ந்தவள்.

"எடு ஆச்சி" என்றாள். "எடுத்துப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு வா. பிள்ளையைத் தாரேன்."

பிள்ளை என்னைப் பார்த்து வாயைக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கை விரிந்து விரிந்து மூடியது.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் என் இலையை எடுத்ததில்லை. எழுந்தேன். கை கழுவினேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இலையை எடுக்கவில்லை.


ஆவணி 13, திங்கள்

இலை அங்கேயே கிடக்கிறது. ஓரம் சுருண்டுவிட்டது. பாயசத்தில் எறும்பு. வெள்ளைத்தாய் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.


ஆவணி 14, செவ்வாய்

ரஞ்சி சாத்தூர் புறப்பட்டாள். நான் வாசல் வரை போனேன். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ரோஸ் நிறத் துணியில் சுற்றிய பிள்ளையின் தலை தெரிந்தது. சுண்டு விரலைக் கண்ணாடியில் வைத்தேன். கார் கிளம்பிவிட்டது.

செண்பகம் முதல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜெயபாலன் ஷெட்டுக்குப் போனாள். வெள்ளைத்தாயையும் கூட்டிப் போனாள். வீட்டில் யாரும் இல்லை.

இலையை எடுத்தேன். தரையோடு ஒட்டியிருந்தது. குனியும்போது முதுகு பிடித்துக்கொண்டது. பின்கட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

யாரும் பார்க்கவில்லை. எடுத்ததாகக் கணக்கில்லை.